சுருட்டி வைக்க ஒரு பக்கம்

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் பிரதிகளாகப் படிப்பவர்களுக்கு இந்தச் சிரமம் நன்றாகத் தெரியும். நூலகம் தளத்தில் ஓர் ஈழத்து இதழைத் திறந்தாலும் சரி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒரு பழைய பதிப்பைத் திறந்தாலும் சரி, நமக்குக் கிடைப்பது பக்கத்தின் படம். டெமி அளவுப் புத்தகம் என்றால் பக்கத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்தரை அங்குலம். கைபேசித் திரையின் அகலம் மூன்று அங்குலம்கூட இருக்காது. பக்கம் முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். எழுத்து தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உ.வே.சா. பதிப்புகளை இப்படிப் படிப்பது இன்னும் கடினம். உரை ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அடிக்குறிப்புகள் இருக்கும். ஒப்புமைப் பகுதிகள், பாடபேதங்கள் எல்லாம் அங்கேதான். உரையையும் குறிப்பையும் ஒரே பார்வையில் பார்க்கும்படிதான் அவர் அந்தப் பக்கத்தைக் கட்டியிருக்கிறார். திரை சிறியதாகிவிட்டால் அந்தக் கட்டுமானமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. குறிப்பைத் தேடிக் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டியிருக்கிறது.

டேப்லட் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. வீட்டில் மேசை மேல் வைத்துப் படிக்க அது போதும். ஆனால் நான் அதிகம் படிப்பது பேருந்திலும் ரயிலிலும்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைக் கிலோ கண்ணாடிப் பலகையை இன்னொரு கையில் தாங்கியபடி வெயிலில் படிக்க முடியாது. அதனால் திரைத் தொழில்நுட்பம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: சட்டைப் பையில் அடங்கி, இழுத்தால் புத்தகப் பக்கம் அளவுக்கு விரியும் திரை. இது வெறும் கற்பனை இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே கையில் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

2005இல் பெர்லினில் நடந்த ஐ.எஃப்.ஏ. மின்னணுக் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் நிறுவனம் ரீடியஸ் என்ற மாதிரிக் கருவியைக் கொண்டுவந்தது. கைக்கு அடக்கமான சிறு பெட்டி. திறந்தால் 5 அங்குலத் திரை விரியும், மூடினால் உள்ளே சுருண்டுகொள்ளும். திரையின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை அதை வளைக்கலாம், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் சுற்றி வைக்கலாம். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஃபிலிப்ஸுக்குள்ளே பாலிமர் விஷன் என்ற பெயரில் இயங்கிய சிறு குழு செய்தது இது. அதன் படங்களில் என்னைக் கவர்ந்தது திரையில் இருந்தவைதான்: வரைபடம், செய்தி, எழுத்து. அதைச் செய்தவர்கள் வாசகனை மனதில் வைத்துத்தான் செய்தார்கள்.

அந்தத் திரையில் இருந்தது மின்தாள். கிண்டிலில் பார்க்கிறோமே, அதே வகை. இதன் கதை 1970களில் தொடங்குகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் இருந்த நிக் ஷெரிடன், அங்கே உருவான ஆல்ட்டோ கணினியின் மங்கலான திரைக்கு மாற்றுத் தேடினார். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான நுண்ணிய பந்துகளை ரப்பர் போன்ற ஒரு தாளுக்குள், எண்ணெய் நிரம்பிய குழிகளில் மிதக்கவிட்டார். மின்னழுத்தம் கொடுத்தால் பந்து புரளும். கொடுப்பதை நிறுத்தினாலும் புரண்ட இடத்திலேயே நிற்கும். தாளுக்கு உள்ள மிகப் பெரிய குணம் இதுதான்: எழுதியது தானாக அழியாது, அழியாமல் இருக்க மின்சாரமும் வேண்டாம்.

அப்புறம் 1990களின் நடுவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சன் இதை வேறு வழியில் அணுகினார். அவரோடு வேலை செய்த பேரட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் இருவரும் அப்போது இளநிலை மாணவர்கள். பந்தைப் புரட்டுவதற்குப் பதிலாக, ஒரு நுண்குமிழுக்குள் வெள்ளைத் துகள்களையும் கறுப்புத் துகள்களையும் போட்டு, இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம் கொடுத்து, வேண்டிய நிறத்தை மேலே வரவைத்தார்கள். 1997இல் இ-இங்க் நிறுவனம் பிறந்தது. 2004இல் சோனியின் லிப்ரியே, 2007இல் கிண்டில் எல்லாம் இதைத்தான் பயன்படுத்தின. இந்த மைப்படலம் இயல்பிலேயே வளையக்கூடியது, பிளாஸ்டிக் தாளில் பூசித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். அப்படியிருந்தும் கிண்டில் ஏன் வளையவில்லை? மைக்கு அடியில் இருப்பது கண்ணாடி.

ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக இயக்க, மைக்கு அடியில் டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய மின் சுவிட்சுகளின் வரிசை ஒன்று வேண்டும். சாதாரணமாக அதைச் சிலிக்கனில், கண்ணாடி மேல், 300 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் செய்வார்கள். சாதாரண பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது. பாலிமர் விஷன் குழு சிலிக்கனையே விட்டுவிட்டு, பென்டசீன் என்ற கரிமச் சேர்மத்தைக் கரைசலாகப் பூசி டிரான்சிஸ்டர்களைச் செய்தது. அந்த வேலை 2004இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ ஆய்விதழில் வெளியானது. கரிம டிரான்சிஸ்டர் வேகமானது இல்லை, காணொளிக்கு அது சரிப்படாது. ஆனால் புத்தகப் பக்கம் நிமிடத்துக்கு ஒருமுறைதானே மாறுகிறது? படிப்பதற்கு அந்த வேகம் தாராளம். அதே ஆண்டில் ஜப்பானில் ஹிதேயோ ஹொசோனோ குழு இன்னொரு வழியைத் திறந்தது. இண்டியம், கேலியம், துத்தநாகம் சேர்ந்த ஆக்சைடு ஒன்றை அறை வெப்பநிலையில் பிளாஸ்டிக் மேல் படியவைத்து, ஒளி ஊடுருவும் டிரான்சிஸ்டர்களைச் செய்து காட்டினார்கள். அந்த ஆக்சைடுதான் இன்று பெரிய ஓ.எல்.இ.டி. (கரிமப் படலம் தானே ஒளிரும் திரை) தொலைக்காட்சிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

ஒரு பொருளை வளைக்கும்போது என்ன நடக்கிறது என்பதை எளிய கணக்கில் சொல்லிவிடலாம். வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க, தடிமனை வளைவின் விட்டத்தால் வகுத்தால் போதும். 0.7 மில்லிமீட்டர் கண்ணாடியை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பு 7 சதவீதம் நீள வேண்டும். கண்ணாடி அதற்கு வெகு முன்பே உடைந்துவிடும். அதே கண்ணாடியை 0.03 மில்லிமீட்டராக மெலியவைத்தால், 1.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மடித்தாலும் 1 சதவீதம்தான். இன்றைய மடக்கு கைபேசிகளில் கண்ணாடி இருப்பது இந்தக் கணக்கின் பலத்தில்தான். ரீடியஸ் திரைக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: 0.1 மில்லிமீட்டரை 15 மில்லிமீட்டரால் வகுத்தால் 0.7 சதவீதம்கூட இல்லை. திரைகளில் மின்சாரம் கடத்தப் பூசும் ஒளிபுகும் ஆக்சைடு, 1 முதல் 2 சதவீத நீட்சியிலேயே விரிசல் விடக்கூடியது. ஆக, 7.5 என்ற அந்த எண்ணைப் பாதுகாப்பான எல்லைக்குள் நின்றுதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கணக்கில் இன்னொரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. வெளிப்பக்கம் நீண்டு உட்பக்கம் சுருங்குகிறது என்றால், நடுவில் எங்கோ ஓர் அடுக்கு நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. எளிதில் உடையும் டிரான்சிஸ்டர் வரிசையை அந்த நடு அடுக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். திரையில் பல அடுக்குகள் இருந்தால் அவற்றுக்கு நடுவே மிருதுவான பசை போடுகிறார்கள். தடிமனான நோட்டுப் புத்தகத்தை வளைக்கும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி ஓரம் சரிவாகிறதே, அதே மாதிரி அடுக்குகள் தமக்குள் கொஞ்சம் நழுவிக்கொள்ளும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனி நடு கிடைத்துவிடும். சுருளும் திரையைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எவ்வளவு உறுதியான பொருளைக் கண்டுபிடித்தோம் என்பதைவிட, உடையும் பொருளை எங்கே வைத்தோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

மின்தாளுக்கு இவ்வளவு போதும். ஆனால் உலகம் மின்தாளோடு நிற்கவில்லை. வண்ணமும் காணொளியும் வேண்டும் என்றது. அதற்கு ஓ.எல்.இ.டி. வந்தது. 1987இல் கோடக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் மெல்லிய கரிமப் படலங்களை அடுக்கி, குறைந்த மின்னழுத்தத்தில் பளிச்சென்று ஒளிரவைத்தார்கள். 1990இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜெரமி பரோஸ், ரிச்சர்ட் ஃபிரெண்ட் உள்ளிட்டோர் பிளாஸ்டிக் வகையான பாலிமரையே ஒளிரவைத்தார்கள். ஒளிரும் அடுக்குகள் மொத்தமும் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது, எனவே அவை வளைவதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் இந்தப் படலமும் அதன் உலோக மின்முனையும் கெட்டு, கறுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும்.

எவ்வளவு ஈரத்தைத் தாங்கும்? துறையில் சொல்லும் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதை நம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 247 ஏக்கர் பரப்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடினால், அந்த மொத்தப் பரப்பிலும் ஒரு நாளில் ஊடுருவலாம் என்று அனுமதிக்கப்படுவது ஒரே ஒரு கிராம் நீராவி. கண்ணாடிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பிளாஸ்டிக்கில் நீராவி தாராளமாகப் போய்வரும். இதற்கு விடையாக வந்தது மாற்றடுக்கு முறை: மெல்லிய பீங்கான் போன்ற ஒரு படலம், மேலே ஒரு பாலிமர், மறுபடி பீங்கான் படலம். பீங்கான் படலத்தில் ஊசிமுனையைவிடச் சிறிய ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் கீழ்ப்படலத்தின் ஓட்டையும் மேல்படலத்தின் ஓட்டையும் நேர்கோட்டில் அமைவதில்லை. நீர் மூலக்கூறு ஓர் ஓட்டையில் நுழைந்து, பாலிமருக்குள் பக்கவாட்டில் அலைந்து, அடுத்த ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அலைச்சலிலேயே ஆண்டுகள் போய்விடும். அதற்குள் கைபேசியின் ஆயுள் முடிந்துவிடும்.

தயாரிக்கும் முறையும் சொல்லத்தக்கது. தொழிற்சாலை இயந்திரங்கள் எல்லாம் விறைப்பான கண்ணாடிப் பலகையைக் கையாளப் பழகியவை. தொளதொளவென்ற பிளாஸ்டிக் தாளை அவற்றில் ஓட்ட முடியாது. அதனால் கண்ணாடி மேலேயே பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கைக் கரைசலாக ஊற்றிச் சுட்டுப் படலமாக்குகிறார்கள். அப்பல்லோ விண்கலத்தைப் போர்த்தியிருந்த பொன்னிறத் தாள்களில் இருந்ததும் இந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். 400 டிகிரி சூட்டையும் தாங்கும். அதன் மேல் டிரான்சிஸ்டர், ஒளிரும் படலம், ஈரத்தடுப்பு எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, கண்ணாடியின் அடிப்பக்கத்திலிருந்து புற ஊதா லேசரை ஓடவிடுவார்கள். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய பகுதி மட்டும் எரிந்து பிரிய, திரை தனியே கழன்று வரும்.

இத்தனையையும் தாண்டிய ஒரு துறையில் பக்க அளவுச் சுருள் திரை ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பாலிமர் விஷன் ஃபிலிப்ஸிலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. 2007இல் டெலிகாம் இத்தாலியா நிறுவனத்தோடு சேர்ந்து கருவியைச் சந்தைக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உற்பத்திக்கூடம் ஒன்றையும் வாங்கியது. 2008 பார்சிலோனா கண்காட்சியில் 115 கிராம் எடையுள்ள ரீடியஸைக் காட்டினார்கள். அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பது நினைவிருக்கும். உலகம் முழுக்க நிதி நெருக்கடி. புதிய தொழிற்சாலைக்குப் பணம் போட ஆளில்லை. ஐபோனும் கிண்டிலும் ஏற்கெனவே வந்துவிட்டன. 2009 ஜூலையில் நிறுவனம் திவாலானது. தைவானின் விஸ்ட்ரான் அதை எடுத்து நடத்திப் பார்த்துவிட்டு 2012 முடிவில் மூடியது. ரீடியஸ் ஒரு வாசகன் கைக்கும் விற்பனைக்கு வரவில்லை.

கேவண்டிஷ் ஆய்வகத்திலிருந்து கிளைத்த பிளாஸ்டிக் லாஜிக் நிறுவனத்தின் கதையும் இதே காலத்தில் இதே திசையில் போனது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர் ஆலை அமைத்து, 2010 ஜனவரியில் க்யூ என்ற பெரிய பக்க அளவு வாசிப்புக் கருவியை அறிவித்தார்கள். சுருளாது, ஆனால் கண்ணாடி இல்லாததால் மெல்லிது. விலை 649 டாலரில் தொடங்கியது. அதே மாதம் ஐபேட் அறிவிக்கப்பட்டது, 499 டாலரில். ஆகஸ்டில் க்யூவைக் கைவிட்டார்கள்.

நிதி, நேரம், போட்டி எல்லாம் காரணங்கள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கிண்டிலில் பெரும்பாலும் விற்பது ஆங்கிலப் புத்தகம். அது எழுத்தாகவே கோப்பில் இருக்கிறது. திரை ஆறு அங்குலமா, ஐந்தா என்று பார்த்து வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். நாவல் படிப்பவருக்குப் பக்கம் என்ற வடிவமே தேவையில்லை. எனவே பணம் கொடுத்துப் புத்தகம் வாங்கும் மிகப் பெரிய வாசகர் கூட்டத்துக்குச் சின்னத் திரையே போதுமென்று ஆகிவிட்டது. பக்க அளவுத் திரை யாருக்கு வேண்டும்? பக்கமே மூலமாக இருப்பவர்களுக்கு. ஸ்கேன் பிரதிகளை நம்பி வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு. வரைபடம் பார்ப்பவர்களுக்கு, இசைக் குறிப்புப் பார்ப்பவர்களுக்கு, அட்டவணையும் சமன்பாடும் நிறைந்த ஆய்வுக் கட்டுரை படிப்பவர்களுக்கு. இவர்களின் தேவை பெரியது, கூட்டம் சிறியது, கையில் காசும் குறைவு. சந்தை போன திசையைப் பார்த்தால் இது புரிகிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

சந்தை எந்தத் திசையில் போனது? தொலைக்காட்சிக்கு. எல்ஜி 2019 ஜனவரியில் லாஸ் வேகஸில் 65 அங்குலச் சுருள் தொலைக்காட்சியை அறிமுகப்படுத்தியது. நீளமான பெட்டிக்குள் உருளையில் சுற்றியிருக்கும் திரை, பொத்தானைத் தட்டினால் மேலே எழும். பின்புறம் பார்த்தால் கிடைமட்டப் பட்டைகளும், அவற்றைத் தூக்கி நிறுத்தும் மடக்குக் கைகளும் தெரியும். பொறியியலாக அது அருமையான வேலை; அதன் காணொளிகளை நான் அலுக்காமல் பார்த்திருக்கிறேன். 2020 அக்டோபரில் கொரியாவில் 10 கோடி வோனுக்கு விற்பனைக்கு வந்தது. 2022இல் இந்தியாவுக்கும் வந்தது, 75 லட்சம் ரூபாய்க்கு. ஓய்வு நேரத்தில் கறுப்புத் திரை கண்ணில் படக் கூடாது என்பதற்காகத் திரையைச் சுருட்டுகிறார்கள். எடுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பொருள் அது. சுருளும் திரையின் முதல் பெரிய வணிகப் பிறப்பு, சுருள வேண்டிய தேவை மிகக் குறைவாக இருந்த இடத்தில் நிகழ்ந்தது. 2024இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து கைபேசி. 2020 நவம்பரில் ஓப்போ காட்டிய மாதிரிக் கைபேசியின் திரை 6.7 அங்குலத்திலிருந்து 7.4 அங்குலத்துக்கு நீண்டது. 2021 ஜனவரியில் எல்ஜி தன் சுருள் கைபேசியைச் சில நொடிகள் காட்டியது. ஏப்ரல் 5ஆம் தேதி கைபேசித் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அதோடு அந்தக் கைபேசியும் போயிற்று.

கைபேசியில் சுருளலை மடிப்பு தோற்கடித்துவிட்டது. வளைவுக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் சுருளல்தான் இரக்கமானது. மடக்கு கைபேசியில் ஒரே கோட்டில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆரத்தில், ஒவ்வொரு நாளும் பல தடவை மடிக்கிறோம். சுருள் கைபேசியிலோ ஆரம் பெரியது, வளைவும் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் சுருளுக்கு மோட்டார் வேண்டும், திரையை எப்போதும் இழுவிசையில் வைத்திருக்கும் ஏற்பாடு வேண்டும், விரிந்த பகுதிக்கு அடியில் விரல் பட்டால் அமுங்காத தாங்கல் வேண்டும், திரை நழுவும் இடைவெளியில் தூசி போகக் கூடாது. இதெல்லாம் கைபேசிக்குள் இருக்கும் கொஞ்ச இடத்தில். மடிப்புக்குக் கீல் ஒன்று போதும். அந்தக் கீல்கூட எளிதில் வரவில்லை. 2019 ஏப்ரலில் சாம்சங்கின் முதல் கேலக்ஸி ஃபோல்டு மதிப்புரையாளர்கள் கைக்குப் போன சில நாட்களிலேயே சில கருவிகளின் திரை கெட்டது. மேலே இருந்த பாதுகாப்புப் படலத்தைச் சிலர் உரித்துவிட்டார்கள், கீல் ஓரத்து இடைவெளி வழியாகவும் துகள்கள் உள்ளே போயின. திருத்தி, செப்டம்பரில்தான் விற்றார்கள். அடுத்த ஆண்டு கேலக்ஸி இசட் ஃபிளிப்பில் மெல்லிய கண்ணாடி வந்தது.

இதற்கிடையே பெரும்பாலானோர் கவனிக்காமலேயே வளையும் திரை அவர்கள் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸின் திரை நாலு பக்கமும் ஓரம் வரை பரவியிருந்தது. திரையை இயக்கும் சுற்றுக்குக் கீழ் ஓரத்தில் இடம் விட வேண்டுமே, அது எங்கே போனது? திரை பிளாஸ்டிக் மேல் செய்யப்பட்டிருப்பதால் அதன் வால்பகுதியை அடியில் மடித்துத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். இன்று விலை கூடிய பல கைபேசிகளில் இதே ஏற்பாடு. வளையும் தன்மையைத் தொழிற்சாலையில் ஒருமுறை பயன்படுத்திவிட்டு, மேலே விறைப்பான கண்ணாடியை ஒட்டிவிடுகிறார்கள்.

வாசிப்புப் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது, அது எனக்கு நம்பிக்கை தந்த ஒன்று. 2013இல் சோனி டிஜிட்டல் பேப்பர் என்ற 13.3 அங்குல மின்தாள் கருவியைக் கொண்டுவந்தது. இ-இங்கோடு சேர்ந்து பிளாஸ்டிக் அடித்தளத்தில் செய்த திரை. கருவி வளையாது. ஆனால் கண்ணாடி போனதால் எடை 358 கிராம்தான். கீழே விழுந்தாலும் திரை உடையும் பயம் குறைவு. ஏறக்குறைய ஏ4 அளவில் பக்கத்தைப் பக்கமாகவே காட்டியது. விலை சாமானியருக்கு எட்டாதது என்பதால் வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் போன்றவர்களை நோக்கித்தான் விற்றார்கள். இருந்தாலும் பக்க அளவுப் பிளாஸ்டிக் மின்தாளைத் தொழிற்சாலையில் செய்து கடையில் விற்க முடியும் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

ஓ.சி.ஆர்., அதாவது பக்கத்தின் படத்தைக் கணினியே படித்து எழுத்தாக மாற்றும் முறை, நன்றாகிவிட்டால் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்களை ஏற்றி, தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து எழுத்தாக்குகிறார்கள். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னா, லை, ளை வடிவங்கள், மங்கிய அச்சு, செல்லரித்த ஓரம், இரண்டு பத்திச் சிற்றிதழ்கள், விளம்பரத்துக்கு நடுவே செருகிய கவிதை, இவையெல்லாம் சுத்தமான எழுத்தாக மாற இன்னும் காலம் ஆகும். மாறிய பிறகும் ஒரு பழைய பதிப்பைப் பக்கமாகப் பார்க்கத்தான் நான் விரும்புவேன். எது பெரிய எழுத்தில் இருந்தது, எது அடியில் இருந்தது என்பதும் பதிப்பாசிரியர் நமக்குச் சொன்னதுதான்.

2025இல் லெனோவா ஒரு சுருள்திரை மடிக்கணினியை அறிவித்தது. 14 அங்குலத் திரை, விசையைத் தட்டினால் மேல்நோக்கி 16.7 அங்குலத்துக்கு வளரும். திரை மேல்நோக்கி வளர்வதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். படம் பார்ப்பவருக்கு அகலம் வேண்டும், படிப்பவருக்கும் எழுதுபவருக்கும் உயரம் வேண்டும். இதில் மேலும் பல வரிகள் தெரியும். அறிவித்த விலை 3,499 டாலர். யாரோ வடிவமைப்பாளர் ஒருவர் பக்கத்தை நினைத்துச் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் நான் தேடும் பொருள் இதைவிட மிக எளியது.

எட்டு அங்குலத்துக்குக் குறையாத கறுப்பு-வெள்ளை மின்தாள். 7.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மேல் அதை வளைக்கவே வேண்டாம். ஒரு கனமான பேனாப் பெட்டி அளவு உருளை இருந்தாலும் பரவாயில்லை. தொடுதிரை வேண்டாம், பக்கம் புரட்ட இரண்டு பொத்தான் போதும். விரல் படாது என்றால் அடியில் உறுதியான தாங்கலும் அவ்வளவாகத் தேவைப்படாது. மோட்டார் வேண்டாம், கையால் இழுத்துக்கொள்கிறேன். காணொளி வேண்டாம் என்பதால் மெதுவான டிரான்சிஸ்டர் போதும். ஓ.எல்.இ.டி.க்கு வேண்டிய அந்த 247 ஏக்கர் ஈரத்தடுப்பும் மின்தாளுக்கு வேண்டியதில்லை. மேலே சொன்ன கடினமான சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கருவியிடம் வருவதே இல்லை.

மிச்சமிருக்கும் ஒரு கேள்விக்கு எனக்கு விடை வேண்டும். மாதக்கணக்கில் சுருண்டே கிடந்த திரையில் பசை அடுக்குகள் மெல்ல நகர்ந்து அந்த வளைவிலேயே படிந்துவிடும், விரித்தால் தட்டையாக நிற்காது. மடக்கு கைபேசியில் நடுவே தெரியும் தழும்புக்கும் இதே குணம் ஒரு காரணம். 0.1 மில்லிமீட்டர் மின்தாளில் இது எவ்வளவு தூரம் பாதிக்கும், பசையை மாற்றினால் தீருமா, அல்லது ஓரங்களில் ஒரு மெல்லிய உலோகச் சட்டம் கொடுத்தாலே போதுமா? திரைத் தயாரிப்பில் வேலை செய்யும் தமிழர்கள் பலர் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். பசைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.